தம்பிக் கொழம்பு

1

சிட்லபாக்கத்தில் ஸ்டெல்லா அக்காவின் முதல் வருட நினைவு ஜெபத்தை முடித்துக்கொண்டு, இரண்டு விமானம் மாறி, டொராண்டோவுக்கு மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன். மறுநாள் காலை அலுவலக மேசையில் ஒரு தாள் எனக்காகக் காத்துக் கிடந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் எண்கள்.

என் வேலை என்னவென்று ஊரில் யாருக்கும் என்னால் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. சாலட்மேல் ஊற்றிக்கொள்கிற டிரெஸ்ஸிங்கை பாட்டிலில் அடைத்து விற்கும் தொழிற்சாலை இது. பாட்டிலின் முதுகில் கலோரி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, சோடியம் இவ்வளவு என்று பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்குமே, அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். பதினான்கு வருடமாக. "பாட்டிலுக்குப் பின்னாடி எழுதுறவன் எங்க தம்பி" என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள், நான் ஏதோ நாவல் எழுதுகிறவன் மாதிரி.

அன்று வந்திருந்த கட்டம் எனக்குப் பழக்கமானது. கொழுப்பு நீக்கிய, வெள்ளையான, கொழகொழப்பான வகை. கொழுப்பு: பூஜ்யம். அரை கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளலாம், விதி அப்படி. சர்க்கரை மூன்று கிராம். சோடியம் முந்நூற்று இருபது மில்லிகிராம். இத்தனையும் எவ்வளவு டிரெஸ்ஸிங்கில் என்பது கட்டத்தின் தலையில் இருக்கிறது. மற்ற எல்லா எண்ணையும் ஆட்டிவைக்கிற வரி அதுதான்: இரண்டு மேசைக்கரண்டிக்கு. முப்பது மில்லி.

ஆங்கிலத்தில் இருந்தது, பிரெஞ்சில் இருந்தது. ஒரு பிழையும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். பிழை இல்லாததுதான் வலிக்கிறது.

இதே பாட்டிலில் ஆறை நான் போன வருடம் அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்து மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள். அவளுடைய நாட்களைக் குறைத்தது நான் தூக்கிக்கொண்டு போன பாட்டில்களா? ஒரு வருடமாக நான் வேறு எதையும் யோசிக்கவில்லை. பனியில் காரைச் சுரண்டும்போதும் இதுதான். வரிசையில் காபிக்கு நிற்கும்போதும் இதுதான்.

2

எங்கள் வீட்டில் அளவு என்பது கை.

சாப்பிடுகிறவரின் கை தட்டுக்குக் குறுக்கே வரும்வரை ஊற்றுவது பரிமாறுகிறவரின் கடமை. கை வந்த பிறகும் ஒரு சொட்டு சேர்த்து ஊற்றுவது பாசம். அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். அவள் பரிமாறினால் குழம்பு என் விரல் இடுக்கில் ஒழுகித்தான் சோற்றுக்குப் போகும். "போதும் அக்கா, போதும்!" "கைய எடுடா, கைல ஊத்துறேன்ல." சுடச்சுட. அந்தக் கூடுதல் சொட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எத்தனை மில்லி?

இங்கே என் மகள் ஹன்னாவுக்குப் பதினாறு வயது. அவள் சாலட் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அளவுக் கரண்டி வைத்திருக்கிறாள். உண்மையாகவே இரண்டு மேசைக்கரண்டி அளந்து ஊற்றிக்கொள்ளும் ஒரே மனித உயிரை நான் என் வீட்டிலேயே வளர்த்திருக்கிறேன். நான் பாட்டிலைக் கவிழ்த்தால் அவள் முகம் சுளிக்கும். "அப்பா, தட்ஸ் லைக் ஃபோர் சர்விங்ஸ்." அவளிடம் மிஞ்சியிருக்கும் இருபது முப்பது தமிழ்ச் சொற்களில் 'போதும்' ஒன்று. நான் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிறாள்.

3

அக்கா தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்ப வகுப்புகளுக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளை இல்லை. அத்தான் தேவராஜ் ரயில்வேயில் இருந்து ஓய்வு. சிட்லபாக்கம் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. காலையில் இருவரும் ஏரியைச் சுற்றி நடப்பார்கள். அப்படி ஒருநாள் பாதிச் சுற்றில் அக்கா உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. பாதம் வீங்கியிருந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, உடம்பில் நீர் தங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரைகள். கூடவே ஒரு கட்டளை: உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தமாக சோடியம் இரண்டு கிராமுக்குள்.

முப்பது வருடம் பிள்ளைகளைக் கீழ்ப்படியச் சொன்னவள் தானும் கீழ்ப்படிந்தாள். ஊறுகாய் ஜாடிகள் வீட்டு வேலைக்கு வரும் சரசுவிடம் போயின. அப்பளம் போனது, கருவாடு போனது. அத்தானுக்கு ஒரு குழம்பு, தனக்கு உப்பில்லாமல் ஒரு குழம்பு. வீடியோவில் தட்டைக் காட்டுவாள்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு படிச்சிருக்கோம்ல. அந்தக் குப்பைத்தொட்டி இப்ப நான்தான்."

சிரிப்பாள். ஆனால் தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். எட்டு மாதம் அப்படி. ரவிக்கைத் தோள் தொளதொளத்தது. கன்னம் உள்ளே போனது.

அப்போதுதான் நான் ஊருக்குப் புறப்பட்டேன். எங்கள் தொழிற்சாலையிலேயே ஊழியர்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. அதில் ஆறு பாட்டில் எடுத்தேன். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கொழுப்பு இல்லை' என்று போட்டிருக்கும் வகை. வெள்ளரிக்காய், கேரட், சாலட், உடம்புக்கு நல்லது. அவ்வளவுதான் என் மனதில் ஓடியது.

எனக்குத் தெரியாதா? தெரியும். எண்ணெயை எடுத்தால் ருசி போகும். போன ருசியைக் கூட்டிவர உப்பையும் சர்க்கரையையும் அனுப்புவார்கள். டிரெஸ்ஸிங் கெட்டியாகத் தெரிய மாவுச்சத்தும் பிசினும் சேர்ப்பார்கள். பதினான்கு வருடமாக இதற்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஆனால் சூட்கேஸ் கட்டுகிறவன் வேறு ஆள். அவனுக்கு எடை மட்டும்தான் தெரியும். விமானத்தில் எவ்வளவு ஏற்றலாம் என்பதுதான் அவன் அறிந்த ஒரே எண்.

அக்கா ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"மோர்க்கொழம்பு மாதிரியே இருக்கேடா!"

"சாலட்ல ஊத்திக்கணும் அக்கா. கொழுப்பே கிடையாது."

"இது நீ எழுதுனதா?"

"பின்னாடி இருக்கறது நான் பாத்தது."

"அப்ப நம்பிச் சாப்பிடலாம்" என்றாள். ஆறு பாட்டிலையும் ஃபிரிட்ஜ் கதவில் முகம் முன்னால் தெரியும்படி வரிசையாக நிற்க வைத்தாள், பிரேயரில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி.

நான் ஒரு வாரம் இருந்தேன். அந்த ஒரு வாரமும் விருந்துதான். குரோம்பேட்டையில் ஒரு வீடு, ஊரப்பாக்கத்தில் ஒரு வீடு. அக்காவோடு உட்கார்ந்து ஒரு மதியம்கூடச் சாப்பிடவில்லை. பாட்டிலைத் திறந்ததை நான் பார்க்கவே இல்லை.

4

திரும்பி வந்து பத்து நாள் இருக்கும். காலை ஒன்பதரை. அங்கே மாலை விளக்கு ஏற்றியிருப்பார்கள். கூட்ட அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். எதைப் பற்றிய கூட்டம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டத்தில் எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. வயதானவர்கள் படிக்க முடிய வேண்டுமாம்.

போன் அதிர்ந்தது. அக்கா. வெளியே போய் எடுத்தேன்.

"பிஸியாடா?"

"மீட்டிங் அக்கா. சீக்கிரம் சொல்லு."

"ஒண்ணுமில்ல. இந்த பாட்டில் பின்னாடி பொடிப்பொடியா போட்டிருக்கே, அது என்ன? கண்ணாடி போட்டும் தெரியல. அத்தானுக்கும் தெரியல. படிச்சுச் சொல்லேன்."

"நல்லதாத்தான் போட்டிருக்கு. சாப்பிடு."

"உப்பு கிப்பு ஏதாவது..."

"அக்கா, அது சாலட். நல்லதுதான். நான் அப்புறம் கூப்பிடறேன்."

"சரிடா. கால் கொஞ்சம் வீங்குது. நடக்கல, அதான்னு நெனக்கிறேன்."

"நட அக்கா. ஏரியச் சுத்து."

உள்ளே போய் உட்கார்ந்தேன். எழுத்துகளை இன்னும் ஒரு பாயின்ட் பெரிதாக்கலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்புறம் கூப்பிடவில்லை. 'அப்புறம்' என்ற சொல்லைப் புலம்பெயர்ந்தவன் அளவுக்குச் செலவழிக்கிறவன் யாரும் இல்லை. அடுத்த அழைப்பு அத்தானிடமிருந்து வந்தது. இங்கே விடியவில்லை. "மூச்சு விட முடியலன்னா. ஆட்டோலயே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. போன் அணையவும் இல்லை. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ பேர் கூப்பிடுகிற சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் உடனே ஓடியிருக்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பிய கையோடுதான் கனடா குடியுரிமை வாங்கியிருந்தேன். பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாகிவிட்டது. புதியதில் இந்தியாவுக்குள் போக அனுமதி இன்னும் வரவில்லை. சாவு என்று சொன்னதும் அவசர விசா தரலாம் என்றார்கள், மரணச் சான்றிதழ் இருந்தால். சான்றிதழ் அடக்கம் முடிந்த பிறகுதான் கிடைக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். "ஐ ஆம் சோ சாரி" என்று மூன்று முறை சொன்னாள். பிறகு படிவத்தின் ஒரு கட்டத்தைக் காட்டினாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு? கட்டம் சின்னது. சகோதரன் என்று எழுதினேன். ஊற்றுகிறவள் கைக்குக் கீழே கை வைத்தவன் என்று எழுத அதில் இடம் இல்லை.

அடக்கத்தை யாரோ ஒரு சபைக்காரர் பிடித்திருந்த போனில் பார்த்தேன். படம் ஆடியது. பாட்டு அறுந்து அறுந்து வந்தது. ஹன்னா என் தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மெதுவாக, "அப்பா, ஐ ஹாவ் எ டெஸ்ட்" என்றாள். போகச் சொன்னேன். அவளிடம் என்ன கோபம். அவளுக்கு அத்தை என்பவள், வருடத்துக்கு நாலு முறை திரைக்குள் இருந்து "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்கிற ஒரு முகம்.

5

ஒரு வருடம் கழித்து சிட்லபாக்கம் வீட்டுக்குள் நுழைந்தேன். ஹாலில் அக்கா போட்டோவாக இருந்தாள். நினைவு ஜெபத்துக்கு முந்தின நாள். அத்தான் போதகரைப் பார்க்கப் போயிருந்தார். சமையலறையில் சரசு பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் ஐந்து காலி பாட்டில்கள், கழுவித் துடைத்து, மணிபிளான்ட் செருகி. எங்கள் தொழிற்சாலையின் லேபிளுக்குப் பின்னால் வேர்கள் வெள்ளையாகச் சுருண்டிருந்தன.

"சரசு, இதெல்லாம் யார் சாப்பிட்டது?"

"இன்னா சார் இப்டி கேக்கற? அக்காதான். தம்பிக் கொழம்புன்னு பேரு வெச்சினு இருந்துச்சி. மத்யானம் ஆனா போதும், 'சரசு, தம்பிக் கொழம்பு எட்து வை'ன்னும்."

"கொழம்பா? அது வெள்ளரிக்காய்க்கு ஊத்திக்கறது."

"வெள்ளரிக்கா ரெண்டு துண்டு ஓரமா கெடக்கும். சோத்துலதான் ஊத்தி பெசஞ்சி துன்னும்."

"எதால ஊத்துவாங்க? ஸ்பூனாலயா?"

சரசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். படித்தவன் பைத்தியமானால் எப்படி இருப்பான் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

"ஸ்பூன்லயா சார் கொழம்பு ஊத்துவாங்க? இந்தா, இந்தக் கரண்டிதான். ஒண்ணு. நல்லா கீதுன்னா ரெண்டு."

சுவரில் தொங்கிய குழம்புக் கரண்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள். அக்காவின் மருந்துப் பெட்டி இன்னும் அலமாரியிலேயே இருந்தது. அதில் இருமல் மருந்து அளக்கும் பிளாஸ்டிக் மூடி. பதினைந்து மில்லி, சரியாக ஒரு மேசைக்கரண்டி. குழாயில் பிடித்து, கரண்டியில் ஊற்ற ஆரம்பித்தேன். ஒன்று. இரண்டு. நான் கையெழுத்துப் போட்ட அளவு அது. கரண்டியின் அடிதான் நனைந்திருந்தது. மூன்று. நான்கு. ஐந்து. ஆறாவது மூடிக்குக் கரண்டி தளும்பியது.

ஆறு மேசைக்கரண்டி. என் கட்டத்தின்படி மூன்று பேர் சாப்பிட வேண்டியது. சோடியம் தொள்ளாயிரத்து அறுபது. டாக்டர் ஒரு முழு நாளுக்குக் கொடுத்ததில் பாதி, ஒரே ஊற்றில். நல்லா இருக்கிறதென்று இரண்டு கரண்டி ஊற்றிய நாட்களில், முழு நாளுக்கும் கொடுத்தது.

"இன்னா சார், தண்ணிய அளந்துனு நிக்கற?" என்றாள் சரசு. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "வுடு சார். அக்கா கடசில நல்லா துன்னுட்டுத்தான் போச்சி."

6

மறுநாள் ஜெபம் முடிந்து, வந்தவர்கள் பிரியாணி சாப்பிட்டுப் போனார்கள். அத்தானும் நானும் மட்டும் மிஞ்சினோம். எங்களுக்கு பிரியாணி இறங்கவில்லை. அத்தான் வெறும் சோறும் வெள்ளரிக்காயும் எடுத்துவைத்தார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து, கதவின் கடைசியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தார். ஆறாவது பாட்டில். மூடி உடைக்காதது.

"ஒண்ணே ஒண்ணு மிச்சம். நீ வந்தா ஒடைக்கலாம்னு வெச்சிருந்தேன்."

கழுத்தில் அச்சடித்திருந்த தேதி கடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்தத் தேதியும் என் மேசை வழியாகப் போனதுதான்.

"அத்தான், அத வெச்சுடுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். இரண்டு மேசைக்கரண்டி. முந்நூற்று இருபது. கரண்டிக்கு ஆறு. போனில் அக்கா கேட்டது, நான் கூட்டத்தில் இருந்தது, நல்லதுதான் சாப்பிடு என்றது. பின்னால் எழுதியதைப் படிக்காமலே சொன்னேன் என்று சாக்குச் சொல்லவில்லை. அது எனக்கு மனப்பாடம் என்பதைச் சொன்னேன். "நான்தான் அத்தான். நான்தான் கொண்டுவந்து..."

அத்தான் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வயதான விரல்கள். வழுக்கியது. வேட்டி நுனியால் பிடித்துத் திருகினார்.

"உப்புன்னு எனக்கு மொத நாளே தெரியும்டா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நாக்குல வெச்சுப் பாத்தேன். சுரீர்னுது. இருபது வருஷம் கேன்டீன் சாம்பார் குடிச்சவன் நான், உப்பு தெரியாதா?"

"ஏன் அத்தான் சொல்லல?"

"எட்டு மாசமா தட்டுல பாதி மிச்சம் வெச்சவடா அவ. அன்னிக்கி வழிச்சுச் சாப்ட்டா. எங்கிட்ட இன்னும் கொஞ்சம் சோறு கேட்டா. 'தேவா, தம்பி கம்பெனில எப்படிச் செய்றான் பாருங்க, உப்பே போடாம இவ்ளோ ருசி'ன்னா. நீ எதிர்ல இருந்திருந்தா சொல்லியிருப்பியா?"

மூடி திறந்தது. புளித்த பால் வாசனை, பூண்டுத்தூள் வாசனை. என் வேலையின் வாசனை.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"நாப்பது வருஷம் சமச்சவளுக்கா தெரியாது? சந்தேகம் இருந்துது. அதான் உனக்கு போன் போட்டா. நீ நல்லதுதான்னு சொன்ன. போன வெச்சுட்டு வந்து எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? 'எழுதுறவனே சொல்லிட்டான்'னா. அவ்ளோ நிம்மதி மொகத்துல. அதுக்கப்புறம் நான் யாரு சொல்றதுக்கு?"

தெருவில் யாரோ கோலமாவு விற்றுக்கொண்டு போனார்கள்.

"டாக்டர்கிட்ட கேட்டேன்" என்றார் அத்தான், தட்டைப் பார்த்தபடி. "பாட்டில எடுத்துக்கிட்டே போய்க் கேட்டேன். இதனாலதான்னு சொல்ல முடியாது, இது இல்லன்னும் சொல்ல முடியாதுன்னுட்டார். நான் ஒரு வருஷமா அதையே மென்னுக்கிட்டு இருக்கேன். நீயும் வேற தனியா மென்னுக்கிட்டு இருந்திருக்க. போன்ல ஒரு நாளாவது சொல்லிக்கிட்டோமா ரெண்டு பேரும்?"

பிறகு எழுந்து, சுவரில் இருந்து அந்தக் கரண்டியை எடுத்துவந்தார். பாட்டிலைக் கவிழ்த்து, தளும்பத் தளும்ப நிரப்பி, என் சோற்றில் ஊற்றினார். வெள்ளையாகப் பரவியது. மோர்க்குழம்பு மாதிரியேதான் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். இரண்டாவது கரண்டி. சோறு நனைந்து மூழ்கியது. மறுபடி என் கையைப் பார்த்தார்.

கை குறுக்கே வர வேண்டிய இடம் அதுதான். எனக்குத் தெரியும். கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

பாட்டில் காலியாகும்வரை ஊற்றினார். பிசைந்து சாப்பிட்டேன், விளிம்புவரை வழித்து.

அக்கா பொய் சொல்லவில்லை. ருசியாகத்தான் இருந்தது.